ஜொஹராவின் பின்னல்

கோட்டாறு
1932 டிசம்பர் 10

குளச்சல் நூஹுவுக்கு,

ஸலாம் சொல்வது கடமை. அதனால் சொல்லிக்கொள்கிறேன். அதற்குமேல் உமக்கும் எனக்கும் பேச்சில்லை என்று ஆனி மாதத்திலேயே முடிவாகிவிட்டது. இப்போது எழுதுவது உமக்காக அல்ல, என் தங்கை பெற்ற பிள்ளைக்காக. அஞ்சல்காரர் வாசித்துச் சிரிக்க வேண்டாம் என்றுதான் தமிழை அரபு எழுத்தில், அரபுத்தமிழாக எழுதுகிறேன்.

நேற்று உங்கள் ஊர் சகாயசெல்வி கருவாட்டுக் கூடையோடு எங்கள் தெருவுக்கு வந்தாள். கூடையை இறக்கும் முன்பே வாயைத் திறந்துவிட்டாள். "கதீஜாம்மா, ஒங்க ஜொஹராவுக்க தலையில கெடக்கிற தட்டத்த எடுத்துப் பாத்தியளா? காக்கா வந்து முட்டையிட்டாலும் தெரியாது. ஓதப் போற எடத்துல ஒரு பிள்ள பக்கத்துல இருக்க மாட்டேங்குது" என்றாள். தெருவே கேட்டது. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பாத்துமுத்து காய்ச்சலில் விழுந்து மௌத்தானபோது நான் வந்து சேர்வதற்குள் அடக்கிவிட்டீர். கூடப் பிறந்தவளின் முகத்தை நான் கடைசியாகக் காணவில்லை. உம் வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று உம் முற்றத்தில் நின்றே சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. அவள் முகத்தைத்தான் காட்டவில்லை, அவள் விட்டுப்போன பிள்ளையின் தலையையாவது பார்த்துக்கொள்ளக் கூடாதா?

நீர் கரையில் நின்று கரமடி வலை இழுக்கிற ஆண்பிள்ளை. ஏழு வயதுப் பெண்பிள்ளையை வளர்க்க உம்மால் ஆகாது. நோன்புப் பெருநாள் கழிந்த மறுநாள் என் வீட்டுக்காரர் மைதீன் கனி வண்டியோடு வருவார். தலையை மழித்து, பிள்ளையை இங்கே கூட்டிவருவார். முடி தானே வளரும். பிள்ளையும் இங்கேயே வளரட்டும்.

பாத்துமுத்துவின் ராத்தா,
கதீஜா பீவி


குளச்சல்
1932 டிசம்பர் 15

மைனிக்கு,

உங்களுக்கும் மைதீன் கனி மச்சானுக்கும் ஸலாம். நான் கடமைக்காகச் சொல்லவில்லை.

காக்கா முட்டையிடும் என்றது சகாயசெல்வியின் வாய்க்கொழுப்பு. பேன் இருப்பது உண்மை, சிக்கும் உண்மை. ஆனால் ஒரு காரியம் அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. காய்ச்சல் தொடங்கிய அன்று காலையில் பாத்துமுத்து பிள்ளையை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரி ஒற்றைப் பின்னல் போட்டாள். போட்டுவிட்டுப் படுத்தவள்தான். அந்தப் பின்னலை ஜொஹரா இன்றுவரை யாரையும் அவிழ்க்க விடவில்லை. பக்கத்து வீட்டு நூர்ஜஹான் சீப்போடு வந்தாள். "உம்மா கெட்டினது, தொடாதீங்கோ" என்று கத்திக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நான் அதட்டினேன், கெஞ்சினேன், சீனிமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். மிட்டாயைத் தின்றது, தலையைத் தரவில்லை. மழையும் உப்புக்காற்றும் மணலும் புகுந்து, பின்னல் இப்போது ஊறப்போட்ட தேங்காய்க் கதம்பை மாதிரி இறுகிக் கிடக்கிறது.

அடக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோட்டாற்றுக்கு வரும் வழியில் வள்ளியாற்றில் வெள்ளம். நான் அனுப்பிய ஆள் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். மறுபடியும் அனுப்பினேன். மய்யித்தைக் காக்கவைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, பிற்பகல் அஸர் தொழுகை வரைக்கும் உங்களுக்காக நிறுத்திவைத்தேன். அதற்குமேல் என் சொல் எடுபடவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

மழிக்க மட்டும் வேண்டாம் மைனி. மழித்தால் அந்தப் பிள்ளை தன் உம்மாவை இரண்டாவது தடவை அடக்கம் செய்ததாக நினைக்கும். பெருநாள் வரைக்கும் எனக்குத் தவணை தாருங்கள். பெருநாளன்று தலை வாரிப் பின்னி நானே உங்கள் வீட்டுக்குக் கூட்டிவருகிறேன். முடியாமல் போனால் அன்றைக்கே அங்கே விட்டுவிட்டுத் திரும்புகிறேன். வண்டி அனுப்ப வேண்டாம்.

நூஹு


கோட்டாறு
1932 டிசம்பர் 19

நூஹுவுக்கு,

அந்தப் பின்னல் விஷயம் எனக்குத் தெரியாது. உம் கடிதத்தை வாசித்த அன்று அடுப்படியில் எனக்குக் கை ஓடவில்லை. மீன்கறியில் புளி ஊற்ற மறந்து, வீட்டுக்காரர் முகம் சுளித்தார்.

சரி, பெருநாள் வரைக்கும் பொறுக்கிறேன். அதற்குமேல் ஒரு பொழுது கேட்கக் கூடாது. முடியவில்லையென்றால் பிள்ளை எனக்கு.

சகாயசெல்வியிடம் அகலப் பல் வைத்த மரச்சீப்பு ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன். பல் உடைந்தால் பிள்ளையின் முடிமேல் பழி போடாதேயும். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம்.

நூஹு நபி அவர்கள் உலகம் முழுகிய வெள்ளத்துக்கே கப்பல் கட்டினார்கள். அந்தப் பேரை வைத்திருக்கும் உமக்கு ஒரு வள்ளியாற்றைத் தாண்டி ஆள் அனுப்பத் தெரியவில்லை. இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன். அழிக்கமாட்டேன்.

கதீஜா பீவி


குளச்சல்
1932 டிசம்பர் 28

மைனிக்கு,

காரியம் கெட்டுப்போயிற்று. ஒளிக்காமல் எழுதுகிறேன், நீங்கள் சிரித்தாலும் திட்டினாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கவில்லை. பிள்ளையிடம் நல்லவிதமாகப் பேசிப் பேசி, "ஒரு மட்டம், ஒரே ஒரு தடவ" என்று சம்மதிக்கவைத்தேன். எனக்கு உள்ளுக்குள்ளே பெருமைதான். சிறு பிராயம் முதல் வலைச் சிக்கெடுத்தவன் நான். சுறா புகுந்து சுருட்டிப்போட்ட மடியையே பிரித்திருக்கிறேன், ஒரு பிள்ளையின் தலைமுடி எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டேன். வலையில் நாங்கள் எப்போதும் மேல்கயிற்றைத்தான் முதலில் பிடிப்போம். மிதப்புக்கட்டை கோத்த அந்தக் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, மேலிருந்து கீழே உதறிக்கொண்டு வந்தால் சிக்கு தானே இறங்கி விழும். தலையிலும் அதையே செய்தேன். உச்சியில் சீப்பை ஊன்றிக் கீழே இழுத்தேன்.

பிள்ளை போட்ட சத்தத்தில் நூர்ஜஹான் உலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மேலே இருந்த சிக்கெல்லாம் கீழே இறங்கி ஒன்றாகக் கூடிப் பிடரியில் இன்னும் இறுகிவிட்டது. பிள்ளை என் மணிக்கட்டைக் கடித்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடி, கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில் போய் இருந்துகொண்டது. குனிந்து கூப்பிட்டேன். உள்ளே இருந்தபடியே சொல்கிறது: "நான் பெரியும்மா வீட்டுக்குப் போறேன். அவிய மொட்ட போட்டாலும் போடட்டு. நீங்கோ எனக்க தலையப் பிச்சுப் போடுவியோ."

நீங்கள் ஆசைப்பட்டது உங்கள் கைக்கு வந்துவிட்டது மைனி. பிள்ளையே கேட்கிறது.

ஆனாலும் நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. பாத்துமுத்து இதை எப்படிச் செய்வாள்? தினமும் என் கண்முன்னால்தான் செய்தாள். நான் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர அவள் கையைப் பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே உம்மாதானே தலை வாரிவிட்டது.

நூஹு


கோட்டாறு
1933 ஜனவரி 2

நூஹுவுக்கு,

குரங்கு கையில் பூமாலை கொடுத்தது போலாயிற்று. வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். நோன்பு வைத்த வாயோடு அப்படிச் சிரிக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். வள்ளத்துக்கு அடியில் இருந்து பிள்ளை சொன்னதை வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். அவள் வருவாள் என்று நான் இங்கே பாய் தலையணை வரைக்கும் வாங்கிவைத்துவிட்டேன். எனக்குப் பிறந்தது மூன்றும் ஆண். என் தங்கையின் முகச்சாடை இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அவள் ஒருத்தியிடம்தான். நான் பேசாமல் இருந்தால் போதும், நீர் தோற்றுப்போவீர், அவள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். இப்படி நினைத்து, எழுதத் தொடங்கியதைக் கிழித்துப் போட்டேன். பிறகு, மழித்த தலையோடு என் வாசலில் வந்து நிற்கும் பிள்ளை என்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்தேன். மறுபடியும் எழுதுகிறேன்.

தலைமுடியில் மேலே தொடங்கவே கூடாது ஐயா! நுனியில் தொடங்க வேண்டும். ஒரு விரல்கடை நுனியைச் சீவி விடும். அது வழுக்கிக்கொண்டு வந்தால் அதற்கு மேலே ஒரு விரல்கடை. மேலே இருக்கும் சிக்கைக் கீழே தள்ளிக்கொண்டு வராதேயும். சிக்குக்கு மேலே முடியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீவினால் இழுப்பு வேருக்குப் போகாது. முதல் நாள் தேங்காயெண்ணெய் காய்ச்சித் தடவி ஊறவிடும். மறுநாள் செம்பரத்தி இலையைக் கசக்கித் தாளி எடுத்து, அந்த வழுவழுப்பைச் சிக்குக்குள் விரலால் ஏற்றும். காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே கூடாது. பிள்ளை 'போதும்' என்றால் போதும். அந்த வார்த்தைக்கு மேலே ஒரு இழுப்பு இழுத்தால்கூட அதோடு எல்லாம் தீர்ந்தது.

பாத்துமுத்துவுக்குச் சின்ன வயதில் நான்தான் தலை வாரிவிட்டேன். உம்மாவுக்கு அதற்குப் பொறுமை கிடையாது.

கதீஜா பீவி


குளச்சல்
1933 ஜனவரி 13

மைனிக்கு,

தாளி எடுத்தேன், எண்ணெய் காய்ச்சினேன், எல்லாம் தயார். தலையைத் தரத்தான் ஆளில்லை. சீப்பை என் கையில் கண்டாலே பிள்ளை எட்டிப்போய் நின்றது. கிண்ணத்தில் கிடந்த தாளியை வீணாக்குவானேன் என்று நான் என் தாடியில் தேய்த்துக்கொண்டேன். மைனி, என் தாடி உங்களுக்குத் தெரியும். உப்புக்காற்று பட்டுப்பட்டு அதுவும் ஜொஹராவின் தலைக்கு அண்ணன் தம்பிதான்.

பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தது. மெல்லப் பக்கத்தில் வந்தது. "வாப்பா, இதுலயும் சிக்கு கெடக்கு" என்றது. "கெடக்கு மக்கா. நீ எடுத்துத் தருவியா?" என்று சீப்பை நீட்டினேன். வாங்கி ஒரே இழுப்பு! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நோவுதா?"

"நோவுது மக்கா."

"எங்க நோவுது?"

"நீ இழுக்கிற எடத்துல இல்ல. வேருல."

யோசித்தது. பிறகு இடது கையால் என் தாடியைச் சிக்குக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியில் சீப்பை வைத்தது. "இப்பம்?" என்றது. "இப்பம் நோவல்ல" என்றேன். நீங்கள் எழுதியதை நான் வாய்திறந்து சொல்லவே இல்லை, தானே கண்டுபிடித்தது. நோன்பு திறக்கும் நேரம் வரைக்கும் என் தாடியை விடவில்லை. அன்று தாடியில் பச்சை இலைத் துணுக்கோடு பள்ளிவாசலுக்குப் போனேன். சிரிக்காத ஆள் இல்லை.

மறுநாள் அதுவே கேட்டது: "எனக்கும் இப்பிடியே பிடிப்பியளா?" பிடிப்பேன் என்றேன். "போதும்ணா நிறுத்துவியளா?" நிறுத்துவேன் என்றேன். உடனே உட்காரவில்லை. நின்று பின்னலைக் கையால் தடவிக்கொண்டே, "உம்மா கெட்டினத அவுத்தா உம்மா கோவப்படுவாளா?" என்று கேட்டது.

சீப்பைக் கீழே வைத்தேன் மைனி. நான் வாயைத் திறக்குமுன் அதுவே சொல்லிற்று: "உம்மா தினமும் அவுத்துட்டுத்தானே கெட்டுவா."

சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு ஒரு விரல்கடை நுனி அவிழ்ந்தது. போதும் என்றது, நிறுத்தினேன். அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தது.

நூஹு


கோட்டாறு
1933 ஜனவரி 17

நூஹுவுக்கு,

உம் கடிதத்தை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டார். எதற்கென்று கேட்டதற்குக் கண்ணில் தூசி விழுந்ததாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நுனி அவிழ்ந்தது பெரிய காரியமில்லை. நீர் உச்சியிலிருந்து இழுத்து இறக்கினீரே, அந்தச் சிக்கெல்லாம் பிடரியில் உருண்டு கல்லாகக் கிடக்கும். பெருநாள் நெருங்கிவிட்டது. சகாயசெல்வி வந்து, முழங்கை நீளத்துக்கு மேலே சீப்பு ஏறவில்லை என்றாள். அந்த உருண்டையைக் கத்தரித்துவிடும், பாதகமில்லை. வெட்டிய இடம் மற்ற முடிக்கு உள்ளே அடங்கிவிடும், வெளியே தெரியாது.

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பது என் கதைதான். அவள் இங்கே வந்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. தொழுதுவிட்டுக் கையேந்தும்போது, நீர் ஜெயிக்க வேண்டும் என்று வாயில் வருகிறது. என்ன செய்ய?

கதீஜா


குளச்சல்
1933 ஜனவரி 26

மைனிக்கு,

முடிந்தது! அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது!

கத்தரிக்கவில்லை. கத்தரியைக் காட்டிக் கேட்டேன். "வேண்டாம் வாப்பா, நான் இருந்து தாறேன்" என்றது. பிள்ளை அப்படிச் சொன்னபிறகு நான் எப்படிக் கத்தரி வைப்பேன்? கடலுக்குப் போய் வந்து, கை கழுவி, தினமும் அந்த உருண்டையோடு உட்கார்ந்தேன். சீப்பின் பல் உள்ளே போகவில்லை. வலை பின்னும் மூங்கில் ஊசியின் முனையை எண்ணெயில் தோய்த்து, ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு முடியாகத் தளர்த்தி எடுத்தேன். உள்ளே மணல் இருந்தது, சிப்பித் துண்டு இருந்தது. எங்கள் கரையில் பாதியை என் மகள் தலையில் சுமந்திருக்கிறாள். விரல் மரத்துப்போகும்போது நான் நிறுத்துவேன். அவள் திரும்பிப் பார்த்து, "நீங்கோ போதும்ணு சொல்லலையே" என்பாள்.

இன்று மத்தியானம் கடைசிச் சிக்கு அவிழ்ந்தது. இழுக்கவே இல்லை, தொட்டேன், வழுக்கிக்கொண்டு பிரிந்தது. உச்சியில் சீப்பை வைத்தேன். உச்சியிலிருந்து இடுப்பு வரைக்கும் எங்கேயும் தட்டாமல் இறங்கி வந்தது. இன்னொரு தடவை சீவினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, மூன்றாவது தடவையும் சீவினேன்.

பிள்ளை கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தது. எழுந்தது. ஒரே ஓட்டம், தலையில் தட்டமும் இல்லாமல், கரமடி இழுக்கிற இடத்துக்கு. நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து, மடி கரையேறும் நேரம். "பாருங்கோ! எனக்க தலையப் பாருங்கோ!" என்று கயிற்றோரமாகவே ஓடுகிறது, முடி காற்றில் பறக்கிறது. என்னோடு மடி இழுக்கும் ஞானதாசன் முதலில் கயிற்றை விட்டான். "ஏலே நூஹு, ஒனக்க மவளப் பாருலே! ராணி மாதிரில்லா வாறா!" என்று கையைத் தட்டினான். எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டுக் கூவினார்கள். மடி தளர்ந்து பாதி மீன் கடலுக்கே போய்விட்டது. அதற்காக ஒருவரும் குறை சொல்லவில்லை. நானும் கூவினேன், மைனி. தலைகால் தெரியாமல் கூவினேன்.

பெருநாள் தொழுகை முடிந்ததும் பஸ் ஏறுகிறோம். பின்னல் கொஞ்சம் கோணலாக இருக்கும். எனக்குக் கயிறு முறுக்கத்தான் தெரியும், தலை பின்னத் தெரியாது. அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூஹு


கோட்டாறு
1933 ஜனவரி 31

அன்புத் தம்பி நூஹுவுக்கு,

அல்லாஹ் உம் கையில் பரக்கத்துச் செய்யட்டும். பிள்ளையை நாளை மறுநாள் என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கூட்டிவந்து உம்மிடம் ஒப்படைப்பார். நாலைந்து நாள் என்னோடு இருக்கட்டும் என்று நீர் விட்டுப்போனீரே, அதற்குள் நடந்ததை எழுதுகிறேன்.

பெருநாளன்று நீர் வாசலில் நின்றபோது நான் உம் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேரே பிள்ளையின் தட்டத்தைத்தான் விலக்கினேன். கோணல் பின்னல்தான். தேர்வடம் மாதிரி முறுக்கி வைத்திருந்தீர். நீர் போனபிறகு, சோதித்துப் பார்க்காமல் விடுவதில்லை என்று அதை அவிழ்த்து, வீட்டிலேயே நெருக்கமான பல் வைத்த சீப்பை எடுத்து உச்சியில் வைத்தேன். ஒரு முடி தட்டவில்லை. பிள்ளை முகம் சுளிக்கவில்லை, தோளைக்கூடக் குறுக்கவில்லை. யாராவது சீப்பை எடுத்தால் பயந்து ஒடுங்குகிற பிள்ளையை நான் எதிர்பார்த்திருந்தேன். இவள் என் மடியில் சாய்ந்துகொண்டு, சாவகாசமாக முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

இராச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் அவளிடம், "மக்கா, இஞ்சயே இருந்திரியா? ஒனக்குன்னு புதுப் பாயெல்லாம் கெடக்கு" என்று கேட்டார். நான் சோறு போடுவதை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தேன். "பெருநாளுக்குப் பெருநாள் வருவேன் பெரியாப்பா. வாப்பா தனியா இருக்காவ" என்றாள். அவ்வளவுதான். எனக்குத் துக்கம் வரும் என்று நினைத்தேன். வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சில் பொங்கி வந்து அதைத் தள்ளிவிட்டது.

நீர் ஜெயித்துவிட்டீர் தம்பி. படி மிதிப்பதில்லை என்று சொன்ன சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பிள்ளையோடு நானும் வருகிறேன். வள்ளியாற்றில் இப்போது முழங்கால் தண்ணீர்தானே.

இன்று காலையில் அவளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, முடியை விரித்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். சகாயசெல்வி கூடையை இறக்கிவைத்துப் பேசிய அதே தெரு. ஒரு வீடு விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் பிள்ளையைத் திருப்பி நிறுத்தி முதுகைக் காட்டினேன். "இது யாரு சீவி எடுத்த தலை தெரியுமா? அவளுக்க வாப்பா. ஒத்த ஆளா. ஒரு முடி கத்தரிக்கல்ல" என்றேன். தெருக்கோடி வீட்டுக்காரி மட்டும் நம்பாமல், "ஆம்பிளையா? கரமடி இழுக்கிற ஆம்பிளையா?" என்று இழுத்தாள். உம்மைத் திட்டிக்கொண்டு திரிந்த இந்த வாயாலேயே அவளுக்குப் பதில் சொன்னேன், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"ஆமாட்டி, கரமடி இழுக்கிற ஆம்பிளதான். எனக்க தங்கச்சிக்கு மாப்பிள பாத்ததுல நாங்க ஒண்ணும் தப்புப் பண்ணல்ல."

உம் மைனி,
கதீஜா